தண்டவாளம் இல்லாத ரயில் பாதை

ஒரு பாதையை விமர்சிக்க முடியுமா? நாவலுக்கு விமர்சனம் எழுதுகிறோம், சினிமாவுக்கு எழுதுகிறோம். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் போட்ட பாதைக்கு எழுதினால், ‘வேற வேலை இல்லையா?’ன்னு கேட்பார்கள். ஆனால் சிங்கப்பூரின் ரயில் காரிடார் தானாக முளைத்த ஒற்றையடிப் பாதை இல்லை. எதை வைத்துக்கொள்வது, எதைப் பெயர்த்து எடுப்பது, எந்த இடத்தில் பலகை நடுவது, எதைப் புல் மூடட்டும் என்று விடுவது என எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்து அடுக்கிய எதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். வாசித்துவிட்டு, இது சரியாக வந்திருக்கிறது, இது வரவில்லை என்று சொல்லவும் செய்யலாம்.

புக்கிட் பாத்தோக்கில் இருப்பவர்களுக்கு இந்தப் பிரதி வீட்டு வாசலில் கிடக்கிறது. பேட்டையின் கிழக்கு ஓரத்தில், பழைய கல் குவாரிகளைத் தாண்டி ஹில்வியூ பக்கம் சைக்கிளை உருட்டினால் பாதை வந்துவிடும். அங்கிருந்து தெற்கே திரும்பினால் புக்கிட் தீமா, குவீன்ஸ்டவுன், தஞ்சோங் பகார். வடக்கே திரும்பினால் புக்கிட் பாஞ்சாங், கிராஞ்சி, உட்லண்ட்ஸ். மொத்தம் 24 கிலோமீட்டர். கார் கிடையாது, ஹாரன் கிடையாது. தீவை மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டு போகிற ஒரு பச்சைக் கோடு.

அதன் பெயரில் ரயில் இருக்கிறது. பாதையில் இல்லை. 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயில் கிளம்பியது; ஓட்டியவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். ஜூலை 1 முதல் 17 வரை தண்டவாளத்தின் மேல் நடந்து பார்க்கப் பொதுமக்களை அனுமதித்தார்கள். அதன்பிறகு தண்டவாளங்களைக் கழற்றி மலேசியாவிடம் ஒப்படைத்தார்கள். புக்கிட் தீமா பழைய நிலையத்தருகிலும் இரண்டு இரும்புப் பாலங்களிலும் அடையாளத்துக்குக் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். மற்ற இடமெல்லாம் புல், சரளை, மண். என் விமர்சனத்தின் முதல் வரி இதுதான்: பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு பொருளைக் கழற்றிவிட்ட பிரதி இது. அந்தக் காலியிடத்தை எதைக் கொண்டு நிரப்பினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1

முதலில் கதைச்சுருக்கம். சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது 1903இல். அப்போது தெற்கு முனை தஞ்சோங் பகார் இல்லை, டேங்க் ரோடு. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து காவடிகள் எங்கே போய் இறங்குகின்றன? அதே டேங்க் ரோட்டிலுள்ள தெண்டாயுதபாணி கோயிலில். செட்டியார்கள் 1859இல் கட்டிய கோயில் அது. ரயில் வருவதற்கு நாற்பது வருஷத்துக்கு முன்பே முருகன் அந்தத் தெருவுக்கு வந்துவிட்டார். 1932இல் பாதையைத் திருப்பி, தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் கட்டியபோது டேங்க் ரோடு நிலையத்தின் வேலை முடிந்தது. தேக்காவிலிருந்து காவடியோடு நடக்கிற எத்தனை பேருக்கு, நாம் போய்ச் சேரும் தெருவில்தான் இந்தத் தீவின் முதல் ரயிலும் போய் நின்றது என்று தெரியும்?

1918இல் ஒரு சட்டம் வந்தது. ரயில் ஓடும் நிலத்தின் பெரும்பகுதி, மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு 999 வருடக் குத்தகைக்குப் போனது. அன்றைக்கு அதில் விசேஷம் எதுவும் இல்லை. எல்லாம் ஒரே பிரிட்டிஷ் கடையின் இரண்டு கல்லாப்பெட்டிகள். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானதும் விஷயம் மாறியது. ஒரு நாட்டின் குறுக்கே இன்னொரு நாட்டின் ரயில்வே நிலம் நீளமாகக் கிடந்தது. 1990இல் லீ குவான் யூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் ஜைனுதீனும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதன் பொருள் என்ன என்பதில் இரண்டு அரசுகளும் இருபது வருடம் முட்டிக்கொண்டன.

அந்த முட்டலின் நடுவில் நடந்தது சிறுகதைக்காரர்களுக்கான விஷயம். 1998இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியா தன்னுடையதைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. ஆக, வடக்கே போகும் பயணி முதலில் மலேசியாவுக்குள் ‘நுழைந்தார்’. அப்புறம் அரை மணி நேரம் சிங்கப்பூருக்குள் பயணம் செய்து, உட்லண்ட்ஸில் சிங்கப்பூரை விட்டு ‘வெளியேறினார்’. இடைப்பட்ட அந்தப் பெட்டிக்குள் அவர் எந்த நாட்டில் இருந்தார்? புலம்பெயர்வைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கிற கவிதைகளில் பாதிக்கு மேல் சொல்ல முயல்வதை, ஒரு ரப்பர் முத்திரை பதின்மூன்று வருஷமாகத் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது.

2010 மே மாதம் லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் பேசி முடித்தார்கள். நிலையம் உட்லண்ட்ஸுக்குப் போனது. நிலம் சிங்கப்பூருக்கு வந்தது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உலகில் பழைய ரயில் பாதைகள் சைக்கிள் பாதைகளானதெல்லாம் பெரும்பாலும் நஷ்டக் கதைகள். பிரிட்டனில் 1963இல் பீச்சிங் அறிக்கை வந்து, வருமானமில்லாத பாதைகளை வெட்டித் தள்ளினார்கள். அப்படி மூடப்பட்ட ஒரு பாதையில் 1979க்குப் பிறகு தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு இறங்கிப் போட்டதுதான் பிரிஸ்டலுக்கும் பாத்துக்கும் இடையிலான சைக்கிள் பாதை. ஸ்பெயினின் பசுமைப் பாதைகளும் கைவிட்ட ரயில்களின் மேல் போட்டவைதான். நம் ஊரில் கைவிடப்பட்ட பாதை என்றால் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயல் கொண்டுபோன பாதை அது. அதில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை, மணலைப் பார்த்துவிட்டு வருகிறோம். சிங்கப்பூர்ப் பாதையை நஷ்டமும் கொல்லவில்லை, புயலும் கொல்லவில்லை. எல்லைக்கோட்டை நேராக்கியதில் அது செத்தது. தனுஷ்கோடிக்குப் போன போட் மெயிலும் தஞ்சோங் பகாரிலிருந்து கிளம்பிய கேடிஎம் ரயிலும் ஒரே மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடியவை என்பதை இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பேரரசு, ஒரு அகலம், வேறு வேறு சாவுகள்.

2

ரயில் போன பிறகு, அந்த வெற்றிடத்துக்கு மூன்று வாசிப்புகள் போட்டியிட்டன.

முதலாவது பச்சை வாசிப்பு. 2010 அக்டோபரிலேயே, அதாவது ரயில் நிற்பதற்கு முன்பே, சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு முன்மொழிவை வெளியிட்டது. நிலத்தைத் துண்டு போட்டு விற்காமல், தொடர்ச்சியான ஒரே பசுமைப் பாதையாக வைத்திருங்கள் என்பதே அதன் சாரம். நிலம் தங்கத்தைவிட விலையான ஊரில் இது சின்ன வாதம் இல்லை. அரசு அதைக் கேட்டது. இன்று நாம் சைக்கிள் மிதிக்கிறோம் என்றால் அந்தத் ‘தொடர்ச்சி’ என்கிற ஒரு சொல்லால்தான். இந்த வாசிப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வடிவமைப்பு வாசிப்பு. 2015இல் நடந்த போட்டியில் நிக்கென் செக்கேய் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் தலைமையிலான குழு வென்றது. 2021 மார்ச்சில், ஹில்வியூவிலிருந்து பழைய புக்கிட் தீமா நிலையம் வரையிலான ஏறத்தாழ 4 கிலோமீட்டர், புதுப்பித்த பாலங்களோடு திறக்கப்பட்டது. புக்கிட் பாத்தோக்காரர்கள் கால்வைப்பது இந்தப் பகுதியில்தான். நன்றாகவே செய்திருக்கிறார்கள். பாதை அகலம் குறைவு, விளக்கு வெள்ளம் இல்லை, இருபுறமும் செடிகளைக் கொஞ்சம் அவற்றின் போக்கில் விட்டிருக்கிறார்கள். நியூயார்க்கின் ஹை லைன் ஒரு மேடை மாதிரி. அங்கே சைக்கிள் ஓட்டவே முடியாது. இது அப்படி ஆகவில்லை. வடிவமைத்தவர்கள் தங்கள் கையைக் குறைவாகக் காட்டியிருக்கிறார்கள் என்பது பாராட்ட வேண்டிய விஷயம்.

மூன்றாவது மரபுடைமை வாசிப்பு. தஞ்சோங் பகார் நிலையம் 2011இல் தேசிய நினைவுச்சின்னமானது. அதன் முகப்பில் நான்கு வெள்ளைச் சிலைகள் உண்டு: விவசாயம், வணிகம், போக்குவரத்து, தொழில். ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து: எஃப், எம், எஸ், ஆர். கூட்டு மலாய் மாநில ரயில்வே. புக்கிட் தீமாவின் சின்னச் செங்கல் நிலையத்தையும் பாதுகாத்து, 2022 ஜூலையில் திறந்தார்கள். ஊழியர்கள் குடியிருந்த கட்டடம் இப்போது கஃபே.

மூன்று வாசிப்பும் தன்னளவில் நேர்மையானவை. ஆனால் மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. மரம் இருக்கிறது, பறவை இருக்கிறது, இரும்புப் பாலம் இருக்கிறது, செங்கல் இருக்கிறது, காப்பி இருக்கிறது. ஆள் இல்லை. அந்தச் சிலைகளையே பாருங்கள். போக்குவரத்துக்கு உருவம் கொடுத்திருக்கிறார்கள். தண்டவாளத்தின் கீழ் கருங்கல் சல்லியை இடித்து நிரப்பியவருக்குக் கொடுக்கவில்லை. 1932இல் விட்ட இடைவெளி அது. 2022 வரை யாரும் நிரப்பவில்லை.

இந்த இடைவெளியை வெறும் மறதி என்று சொல்ல எனக்கு மனமில்லை. ‘பசுமை’ என்ற சொல் செய்கிற வேலை அது. பச்சை எல்லாவற்றையும் சமமாக மூடும். ஒரு இடம் இயற்கையாகிவிட்டால், அதை யார் செய்தார் என்ற கேள்வியே எழாது. இயற்கையை யாராவது செய்வார்களா? ஆனால் இந்தப் பாதையின் கீழே ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குக் குடிநீர்க் குழாய் ஓடுகிறது. ரயில் போன பிறகு தோண்டிப் புதைத்தது. மேலே புல். கானகம்போலத் தெரிகிற இந்த இடம் நூறு வருஷமாக ஒரு வேலைத்தளம், இன்றைக்கும் அதேதான்.

3

சரி, உழைப்பை எங்கே வாசிப்பது? பலகையில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது?

சைக்கிளில் போகிறவருக்கு ஒரு வசதி உண்டு, முழங்கால் சொல்லும். புக்கிட் என்றால் மலாயில் குன்று. புக்கிட் பாத்தோக், புக்கிட் கொம்பாக், புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங் என்று இந்த வட்டாரம் முழுக்கக் குன்றுகள். சிங்கப்பூரின் மிக உயரமான இடமே புக்கிட் தீமாதான், 163 மீட்டர் சொச்சம். புக்கிட் பாத்தோக் பேட்டைக்குள் சைக்கிள் ஓட்டிப் பாருங்கள். புளோக்குக்குப் புளோக் ஏற்றம் இறக்கம், கியரை மாற்றி மாற்றிக் கை வலிக்கும். ஆனால் ரயில் பாதைக்குள் நுழைந்ததும் எல்லாம் சமதளமாகிவிடும். இரண்டு பக்கமும் குன்று நிற்கும், நடுவில் நீங்கள் மூச்சு வாங்காமல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

அந்தச் சமதளம் இயற்கை இல்லை. நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. நூறு மீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் ஏறுவதே அதற்குப் பாடு. அதனால் மேடு வந்தால் வெட்ட வேண்டும், பள்ளம் வந்தால் நிரப்ப வேண்டும், சாலை வந்தால் மேலே பாலம் போட வேண்டும். இன்று நீங்கள் அப்பர் புக்கிட் தீமா சாலையின் மேலே, இரும்புப் பாலத்தில், சிவப்பு விளக்குக்குக் காத்திராமல் கடக்கிறீர்கள். அந்தச் சுகம் உங்களுக்காகச் செய்தது இல்லை. ரயிலை நிறுத்தினால் கிளப்புவது கஷ்டம் என்பதற்காகச் செய்தது. மேட்டை வெட்டிப் பள்ளத்தில் கொட்டியது பெரும்பாலும் மனிதக் கை, மண்வெட்டி, கூடை. அந்தச் சமதளத்தில் மிதிக்காமலே சைக்கிள் உருள்கிறதே, அதுதான் அவர்கள் நமக்கு விட்டுப்போன ஒரே ஆவணம். எந்தப் பலகையையும்விட அது நேர்மையானது. ஆனால் அதை வாசிக்க யாராவது சொல்லித்தர வேண்டும்.

புக்கிட் தீமா நிலையத்தில் இன்னொன்றையும் வாசிக்கலாம். அது ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று தாண்ட அங்கே ஒரு கிளைத்தடம் இருந்தது. முன்னே போக அனுமதி என்பது சிக்னல் விளக்கில் மட்டும் இருக்கவில்லை, கையில் பிடிக்கும் ஓர் உலோக வில்லையில் இருந்தது. வளையத்தில் மாட்டிய அந்த வில்லையை நிலைய ஊழியர் நீட்ட, ஓட்டுநர் ஓடுகிற ரயிலிலிருந்தே வாங்கிக்கொள்வார். ஒரு பகுதிக்கு ஒரு சமயத்தில் ஒரே வில்லைதான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் அந்தப் பகுதிக்குள் நுழையக் கூடாது. கணினி நகரமான சிங்கப்பூரில் 2011 வரை இது நடந்தது. ரயில் என்றால் இரும்பு என்றே நினைக்கிறோம். நெருங்கிப் பார்த்தால், ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுத்த நம்பிக்கை.

4

இப்போது நமக்குச் சங்கடமான இடத்துக்கு வருவோம். ‘நாங்கதான் போட்டோம் இந்த ரோடு’ என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடுமா?

மலாயாவின் ரயில்வேயிலும் பொதுப்பணித் துறையிலும் பெரும்பகுதி உழைப்பு தென்னிந்தியத் தொழிலாளர்களுடையது என்பது வரலாற்றில் நிலைத்த விஷயம். தண்டவாளக் கூட்டங்களில் தமிழ் ஒலித்தது. ஆனால் ‘தமிழர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள்ளே இரண்டு உலகங்கள் இருந்தன. ஆங்கிலம் படித்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து கங்காணி வழியாக வந்தவர்கள் வெயிலில் சல்லி இடித்தார்கள். ஒரே மொழி, ஆனால் ஒரே பெஞ்சு இல்லை. மேலே சொன்ன அந்த உலோக வில்லையை நீட்டிய கையும், அந்த ரயில் ஓடிய மண்ணை வெட்டிய கையும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் பெருமை மட்டும் பேசினால், பலகை வைத்தவர்கள் செய்த அதே வேலையைத்தான் நாமும் செய்கிறோம்.

உழைத்தவர்கள் தங்களுக்கான நினைவுச்சின்னத்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில், தண்டவாளத்தின் ஓரம், 1930களில் ரயில்வே ஊழியர்கள் ஒரு முனீஸ்வரனை வைத்துக் கும்பிட்டார்கள். எல்லைச் சாமிக்கு ரயில் பாதையைவிடப் பொருத்தமான இடம் ஏது? இரவு நேர வேலை, பாம்பு, இருட்டில் வரும் எஞ்சின். காவலுக்கு ஒருவர் வேண்டும்தானே. அந்தக் கோயில் இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய கோயிலாக நிற்கிறது. ரயில் காரிடாரில் தெற்கே சைக்கிள் ஓட்டிப் போனால், பாதையிலிருந்து விலகிக் கொஞ்ச தூரம்தான். பக்கத்துப் பேட்டையின் பெயர் தங்ளின் ஹால்ட். பழைய ரயில் நிறுத்தத்தின் பெயர் அது. அந்த அடுக்குமாடிகளையும் காலி செய்தாகிவிட்டது. நிறுத்தம் போய், நிறுத்தத்தின் பெயரில் இருந்த வீடுகளும் போய், முனீஸ்வரன் இருக்கிறார். என்னைக் கேட்டால், ரயில் காரிடாரின் உண்மையான ரயில்வே அருங்காட்சியகம் அந்தக் கோயில். அங்கே பழைய பொருள் எதையும் காட்சிக்கு வைக்கவில்லை. வேண்டுதலை மட்டும் நிறுத்தாமல் வைத்திருக்கிறார்கள்.

இலக்கியத்துக்கு வருவோம். நம் மொழியில், இந்த நிலப்பகுதியில், ரயில் என்றதும் நினைவுக்கு வருவது எது? சயாம் மரண ரயில். 1942-43இல் ஜப்பானியர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையில் 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். மலேசியாவில் ஆர். சண்முகம் அதே தலைப்பில் நாவல் எழுதினார். உலகத்துக்கு அந்தப் பாதையை அறிமுகப்படுத்தியது 1957இல் வந்த டேவிட் லீனின் படம். அதன் மையத்தில் இருப்பவர்கள் பிரிட்டிஷ் போர்க்கைதிகள். படத்தின் பாலத்தைக் கட்டியது எங்கே தெரியுமா? இலங்கையில், கித்துல்கலவில். தமிழ்க் கூலிகளைப் பிரிட்டிஷ்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து இறக்கிய இன்னொரு தீவில் போய்ப் படம் எடுத்தும், தமிழ்க் கூலி கதைக்குள் வரவில்லை.

ஆகவே நம் நினைவில் ரயில் பாதை என்றால் சாவு, பஞ்சம், கங்காணி. சிங்கப்பூர் நமக்குக் கொடுத்திருப்பதோ ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டுகிற பாதை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை எழுதிய தமிழ்ப் புனைவு இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை. துயரத்தை எழுத நமக்குப் பழக்கம் இருக்கிறது. துயரம் நடந்த இடத்தில் நின்றுகொண்டு சந்தோஷமாக இருப்பதை எழுதத்தான் பழக்கம் இல்லை. அப்படி எழுதினால் துரோகம் ஆகிவிடுமோ என்று ஒரு பயம். ஆனால் பாட்டன் வெட்டிய மேட்டில் பேத்தி சைக்கிள் விட்டால், அதில் துரோகம் என்ன இருக்கிறது? பேத்திக்கு மேடு வெட்டப்பட்ட கதை தெரிந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. தெரிந்துகொண்டே மிதிக்கிற சந்தோஷம் ஒன்று இருக்கிறது. அதற்கு நம்மிடம் இன்னும் மொழி இல்லை.

5

இதுவரை நான் தெற்கைப் பற்றியே பேசினேன். பிரதியின் வடபகுதி வேறு மாதிரி.

ஹில்வியூவிலிருந்து வடக்கே போனால் பாலங்களின் சொகுசு குறையும். அந்தக் காலத்தில் கொம்பாக் டிரைவ், சுவா சூ காங் சாலை, கிராஞ்சி சாலை எல்லாம் ரயில் வரும்போது கேட் போட்டு மூடும் இடங்கள். கேட் கீப்பர் ஒருவர் குடிசையிலிருந்து வந்து கையால் இழுத்து மூடுவார். காரெல்லாம் நிற்கும், ரயில் போகும். ரயில் போன பின் அந்த மரியாதை சைக்கிளுக்குக் கைமாறவில்லை. இன்று கார்தான் போகும், சைக்கிள்தான் நிற்கும். எந்த வாகனத்துக்கு இந்த ஊரில் வழி கிடைக்கும் என்பதை அந்தச் சந்திப்புகளில் இரண்டு நிமிடம் நின்றாலே புரிந்துகொள்ளலாம்.

2021இல் கிராஞ்சியில், பாதையை ஒட்டி வளர்ந்திருந்த காட்டின் ஒரு பகுதி, உரிய ஆய்வு முடிவதற்கு முன்பே தவறுதலாக வெட்டப்பட்டது தெரிந்து பெரிய விவாதமானது. அதே சமயத்தில் கிளமெண்டி காட்டைப் பற்றியும் பேச்சு நடந்தது. சுமார் 85 ஹெக்டர், 1998 முதல் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம். அந்தக் காட்டுக்குள் ஓடுவது ஜூரோங் ரயில் தடம். ஜூரோங் தொழிற்பேட்டைக்காக 1960களில் போட்டு, 1990களின் தொடக்கத்தில் கைவிட்ட கிளைப்பாதை. தொழிற்சாலைகளுக்காகப் போட்ட தடத்தை மூடிய காட்டை, இன்று இளைஞர்கள் ‘காப்பாத்துங்க’ன்னு கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் கேட்கும்போது ‘கன்னிக்காடு’ என்றெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. மனிதன் வேலை செய்து, விட்டுப்போய், மரம் திரும்பி வந்த இடம் அது. அதனாலேயே அதற்கு மதிப்பு கூடுகிறது.

வடக்கில் இன்னொரு காட்சி உண்டு. சுங்கை காடுட், கிராஞ்சி பக்கம் தொழிற்பேட்டைகளும் ஊழியர் தங்குவிடுதிகளும் இருக்கின்றன. அங்கேயும் சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஹெல்மெட் கிடையாது, இறுக்கமான சைக்கிள் உடுப்பு கிடையாது. துருப்பிடித்த கூடை, அதில் சாப்பாட்டுப் பொட்டலம், கைப்பிடியில் தொங்கும் பை. புதுக்கோட்டை, சிவகங்கை, பெரம்பலூர் என்று ஊர் கேட்டால் சொல்வார்கள். ‘எங்கண்ணே போறீங்க?’ன்னு கேட்டால், ‘கடைக்குத்தான் தம்பி, சிம்முல காசு போடணும்’ என்பார்கள். தெற்கில் சைக்கிள் பொழுதுபோக்கு, வடக்கில் அது கால். இரண்டுக்கும் ஒரே நிலம்.

நூறு வருஷத்துக்கு முன் இந்தத் தடத்தைச் சமன் செய்தவர்களின் ஊர்ப்பெயரும், இன்று எம்ஆர்டி சுரங்கம் தோண்டுகிறவர்களின் ஊர்ப்பெயரும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தஞ்சோங் பகார் பழைய நிலையத்தின் அடியிலேயே இப்போது வட்டப்பாதைக்கு ஒரு நிலையம் தோண்டியிருக்கிறார்கள். மேலே எஃப், எம், எஸ், ஆர் சிலைகள், கீழே புதிய சுரங்கம். மரபுடைமை என்பது முடிந்துபோன விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூலி வருவது முடியவில்லை, ஒப்பந்தத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. 2014 முதல் இங்கே வெளிநாட்டு ஊழியர்களுக்கான கவிதைப் போட்டி நடந்திருக்கிறது. நம் விமர்சகர்கள் அந்தக் கவிதைகளை ‘முயற்சி’ என்று தோளில் தட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். சல்லி இடித்தவர்கள் எழுதாமல் போனார்கள் என்று வருத்தப்படும் நாம், இடித்துக்கொண்டிருப்பவர்கள் எழுதும்போது உட்கார்ந்து படிக்கிறோமா?

6

அப்படியானால் என்ன வேண்டும்? இன்னொரு சிலையா? எனக்கு வேண்டாம். ‘தமிழ்த் தொழிலாளர் நினைவுத் தூண்’ என்று ஒன்று வைத்தால், வருஷத்துக்கு ஒரு தடவை மாலை போட்டுவிட்டு, மற்ற நாளெல்லாம் அதில் சைக்கிளைச் சாய்த்து வைப்போம். அது இன்னொரு வகைப் புல்.

இந்தப் பாதையின் பலமே அது அதிகம் பேசாமல் இருப்பதுதான். அந்த மௌனத்தைக் கெடுத்து ஐம்பது மீட்டருக்கு ஒரு பலகை நட்டால் பாதை பாடப்புத்தகமாகிவிடும். நான் கேட்பது சின்ன விஷயம். சமதளம் ஏன் சமதளமாக இருக்கிறது என்று ஒரு இடத்தில், ஒரு வரியில், நான்கு மொழியிலும் சொல்லுங்கள். முனீஸ்வரனைப் பாதை வரைபடத்தில் சேருங்கள். வடக்குச் சந்திப்புகளில் சைக்கிளுக்கு முன்னுரிமை கொடுங்கள், தங்குவிடுதிப் பக்கம் உள்ளே நுழைய நல்ல வழி விடுங்கள். இவை வடிவமைப்பாளர்களுக்கு.

எழுதுகிறவர்களுக்கு வேறு ஒன்று. ஒரு பிரதி மூன்று வாசிப்பில் நின்றுவிட்டால் குறை பிரதியிடம் மட்டும் இல்லை, வாசகர்களிடமும் இருக்கிறது. அரசு பச்சையை எழுதிவிட்டது, கட்டடக்கலைஞர்கள் கோட்டை எழுதிவிட்டார்கள். கேட் கீப்பரின் இரவை அரசு எழுதாது. முதலில் மலேசியாவுக்குள் நுழைந்து, அப்புறம் சிங்கப்பூரை விட்டு வெளியேறிய பயணியின் அந்த அரை மணி நேரத்தைக் கட்டடக்கலைஞர் எழுத முடியாது. ஒரே மொழி பேசிய நிலைய அதிபரும் சல்லிக்காரரும் ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதை ஆவணக் காப்பகத்தில் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. கற்பனை செய்தால்தான் உண்டு. புனைவு எதற்கு இருக்கிறது?

இந்த வாரம் யாராவது ஹில்வியூ வழியாகப் பாதைக்குள் இறங்கினால், தெற்கே திரும்பி ஒரு கிலோமீட்டர் போன பிறகு கொஞ்ச நேரம் மிதிப்பதை நிறுத்துங்கள். சைக்கிள் தானாக உருளும். எவ்வளவு தூரம் உருள்கிறதோ, அவ்வளவு தூரமும் யாரோ வெட்டிக் கொடுத்தது.